பொறி நிறைய ஈ விழுந்தும் பாகற்காயில் புழு ஏன்?

கேள்வி: திருவையாறு பக்கம் கொள்ளிடப் படுகையில் 40 சென்ட் பாகல் பந்தல். பிஞ்சு பிடித்த பிறகு 4 பழ ஈப் பொறி கட்டினேன். டப்பாவில் கைப்பிடி ஈ செத்துக் கிடக்கிறது. ஆனாலும் பறிக்கிற காயில் பாதி வளைந்து, உள்ளே புழு. பொறி போலியா?

பதில்: போலி இல்லை ஐயா. செத்த ஈயில் நாலைந்தை எடுத்து வயிற்று நுனியைப் பாருங்கள். பெண்ணுக்கு அங்கே ஊசி போல முட்டைக் குழல் நீட்டிக்கொண்டிருக்கும். உங்கள் டப்பாவில் அப்படி ஒன்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பொறிக்குள் வைக்கும் கியூ லூர் என்ற கவர்ச்சி மருந்தின் வாசனை இழுப்பது ஆணைத்தான். காயைக் குத்துவது பெண்.

ஓர் ஆண் பல பெண்களோடு சேரும். தப்பிய சில ஆண்களே போதும். சேர்ந்த பெண் விந்தை உடம்புக்குள் சின்னப் பையில் சேமித்து, நாள்கணக்கில் முட்டைக்குச் செலவழிக்கும். வெளியே சேர்ந்துவிட்டு வரும் பெண்ணை உங்கள் பொறி தடுக்காது.

வாழைத்தாரைச் சுற்றும் டிரோசோபிலா ஈயில் இதை நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார்கள். ஆண் விந்தோடு சில புரதங்களையும் செலுத்துகிறது. அவை பெண்ணை வேறு ஆணிடம் போகவிடாமல் செய்யும், முட்டையை வேகமாக இடவைக்கும், அதன் ஆயுளையும் குறைக்கும். ஆணுக்கு வேண்டியது தன் வாரிசு; பெண் நாளைக்கு இருக்குமா என்பது அதன் கவலை இல்லை. 1996-ல் வில்லியம் ரைஸ் என்ற ஆய்வாளர் டிரோசோபிலா பெண்களின் பரம்பரைக் குணம் மாறவிடாமல் வைத்து, ஆண்களை மட்டும் சுமார் 40 தலைமுறை மாறவிட்டார். அந்த ஆண்களோடு சேர்ந்த பெண்கள் இன்னும் சீக்கிரம் செத்தன. இயற்கையில் பெண்ணும் கூடவே மாறி ஈடுகொடுக்கிறது. உங்கள் பந்தலில் இருக்கும் பழ ஈக்கு வருவோம். அதே ஈயை ஜப்பானின் ஒகினாவாவில் மலடாக்கிய ஆண்களைப் பறக்கவிட்டு 1993-ல் ஒழித்தார்கள். அங்கேயும் நடுவில், கூண்டில் வளர்ந்த ஆணை ஏற்காத பெண்கள் தலையெடுத்தன. ஆணை மட்டும் குறிவைத்தால் போதாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

சரி, பொறி இருக்கட்டும். அடுத்த போகத்தில் பூ விடுமுன்பே கட்டுங்கள். பெண்ணுக்கு முட்டை முற்றப் புரதச் சத்து வேண்டும். கருவாட்டுத்தூளைத் தண்ணீரில் கரைத்து, ஓட்டை போட்ட பாட்டிலில் தொங்கவிட்டால் தேடி வரும். பந்தலுக்குள் மட்டும் கட்டாதீர்கள். வரப்போர ஆமணக்கிலும் சோளத்திலும் தங்கிவிட்டு, முட்டையிடத்தான் உள்ளே வருகிறது. அங்கேயும் இரண்டு பாட்டில் வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் சொத்தைக் காய். அதை வாய்க்கால் கரையில் கொட்டுகிறீர்களா? புழு காயைவிட்டு வெளியேறி மண்ணுக்குள் போய்க் கூண்டுப்புழுவாகும். பந்தலடியை இரண்டு விரல் ஆழம் கிளறிப் பாருங்கள்; சின்ன நெல்மணி போலப் பழுப்பாகக் கிடக்கும். மண்ணைக் கொத்தி வெயிலில் காயவிடுங்கள். சொத்தைக் காயைத் தடித்த பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி, ஒரு வாரம் வெயிலில் போட்டுவிட்டு, அப்புறம் ஆழமாகப் புதையுங்கள். பக்கத்தில் புடலை, பீர்க்கு போட்டவர்களையும் அதே வாரத்தில் செய்யச் சொல்லுங்கள். அங்கே சேர்ந்த பெண் ஈதான் நாளை உங்கள் பிஞ்சில் வந்து உட்காரும்.