பந்து வராத ஓட்டங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கால்பந்தில் மைக் எவன்ஸ் மிகப் பெரிய ரிசீவர் (வீசும் பந்தை ஓடிப் பிடிப்பவர்) என்று எழுதியிருந்தீர்கள். என்எஃப்எல் லீக்கின் புள்ளிவிவரச் சேவையான நெக்ஸ்ட் ஜென் ஸ்டாட்ஸ் தரும் ‘செபரேஷன்’ பட்டியலில் அவர் பெரும்பாலும் கீழேதான் இருக்கிறார். தன்னைக் காவல் காப்பவரிடமிருந்து விலகத் தெரியாதவர் எப்படிப் பெரிய ரிசீவர்? தோள் கவசத்தில் சிப் வைத்து அளக்கும் காலத்தில் கண்ணை நம்பி எழுதலாமா?

ரா., டெக்சஸ்

அன்புள்ள ரா.,

செபரேஷனை எப்போது அளக்கிறார்கள் என்று பாருங்கள். பந்து ரிசீவரிடம் வந்து சேரும் நொடியில், மிக அருகில் இருக்கும் எதிரணிக்காரர் எத்தனை யார்டு தள்ளி நிற்கிறார் என்பதுதான் அந்த எண். பந்து வீசப்படாத ஓட்டங்கள் கணக்கிலேயே வருவதில்லை. ஸ்கிரீன் பாஸ் (சக வீரர்கள் முன்னால் தடுத்து நிற்க, அருகிலேயே எறியும் குறுகிய பந்து) வாங்குபவர் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள், எண் தானாக ஏறிவிடும். எவன்ஸுக்கு வருபவை நீண்ட தூரப் பந்துகள். ஆறடி ஐந்து அங்குல உயரம். அவரைக் காவல் காக்கும் கார்னர்பேக் ஒட்டிக்கொண்டே ஓடிவந்தாலும் அவர் தலைக்கு மேல் எடுத்துவிடுவார் என்று நம்பித்தான் குவார்ட்டர்பேக் (பந்து வீசுபவர்) வீசுகிறார். இன்னொருவருக்கு அந்தப் பந்து வரவே வராது. ஆக, அவருடைய திறமையே அவருடைய சராசரியைக் கீழே இழுக்கிறது! 2014 முதல் 2024 வரை தொடர்ந்து 11 சீசன்கள் பந்து பிடித்து ஆயிரம் யார்டைத் தாண்டி, பழைய ஜாம்பவான் ஜெர்ரி ரைஸின் சாதனையை எட்டியவர் அவர். அதற்குள் வின்ஸ்டன், பிராடி, மேஃபீல்டு என்று பந்து வீசியவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள்.

இதைவிட எனக்கு ஆற்றாமை தருவது 2012-இல் அரிசோனா அணியின் ரிசீவர் லாரி ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு நடந்தது. முந்தைய சீசனில் 1,411 யார்டு எடுத்தவர், அந்த சீசனில் 798-இல் நின்றார். அவரைக் குறிவைத்து வீசிய 156 பந்துகளில் 71-தான் கைக்கு வந்தன. அரிசோனா அணி அந்த ஒரே சீசனில் நான்கு குவார்ட்டர்பேக்குகளைத் தொடக்க ஆட்டக்காரர்களாக இறக்கியது. எட்டாத உயரத்தில் போன பந்தும், காலடியில் விழுந்த பந்தும் அவர் பிடிக்காத பந்துகளாகவே பதிவாயின. அடுத்த ஆண்டு குவார்ட்டர்பேக்காக கார்சன் பாமர் வந்தார். ஃபிட்ஸ்ஜெரால்டு 10 டச் டவுன் அடித்தார்.

அதற்காக எண்களே வேண்டாம் என்று சொல்லவில்லை. ரிசீவர் ஓடிய ஒவ்வொரு ரூட்டுக்கும் (பந்து வாங்க ஓடும் பாதை) எத்தனை யார்டு என்ற கணக்கு எனக்குப் பிடிக்கும். பந்து கேட்டு வாங்கும் அளவுக்கு ஒருவர் விலகி ஓடினாரா என்பது அதில் ஓரளவு தெரிந்துவிடும். ஈஎஸ்பிஎன்-இன் ‘ஓப்பன் ஸ்கோர்’ இன்னும் ஒரு படி மேல். பந்து வந்தாலும் வராவிட்டாலும் ஒவ்வொரு ஓட்டத்தையும் அது எடைபோடுகிறது. நியாயமான கணக்கு அந்தத் திசையில்தான் இருக்கிறது. ஆனாலும் தன் ஓட்டத்தால் சேஃப்டியை (எதிரணியின் பின்வரிசைக் காவலர்) இழுத்துப்போய், சக வீரருக்கு இடம் திறந்துவிட்டவரின் பெயரில் யார்டு எதுவும் ஏறுவதில்லை.

எவன்ஸைப் பற்றி வாதாட வேண்டுமானால் செபரேஷனை விட்டுவிடுங்கள். ரூட்டுக்கு இத்தனை யார்டு என்ற கணக்கை ஐந்தாறு சீசன்களுக்குச் சேர்த்து எடுத்து, அந்தந்த ஆண்டு பந்து வீசியவர் யார் என்பதையும் பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். அப்புறம் பேசலாம்.