பெற்றோர் பட்டியலை யாருக்காவது அனுப்பினீர்களா?

கேள்வி: என் ஊர் கடலூர் திருப்பாதிரிப்புலியூர். புதுச்சேரியில் உள்ள ஓர் இணையவழிக் கல்வி நிறுவனக் கிளையில் சேர்க்கை ஆலோசகராக 7 மாதம் வேலை பார்த்தேன். இலக்கை எட்டாதவர்களைக் காலைக் கூட்டத்தில் நிற்க வைத்துத் திட்டுவார்கள். ஞாயிறும் விடுப்பு கிடையாது. கடன் வாங்கியாவது கட்டணம் கட்டும்படி பெற்றோரை நச்சரிக்க வேண்டும். பொறுக்க முடியாமல் ராஜினாமா செய்தேன். 18 மாதம் வேலை பார்ப்பதாக எழுதிக் கொடுத்த பாண்டை (ஒப்பந்தப் பத்திரத்தை) மீறியதாக 1,50,000 ரூபாய் கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. கடைசி மாதச் சம்பளம் 24,000 ரூபாயும் அசல் பட்டச் சான்றிதழும் அவர்களிடம் இருக்கின்றன. மன உளைச்சலுக்கு நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாமா? ஆதாரத்துக்காகப் பெற்றோரின் பெயர், எண் பட்டியலை என் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வைத்திருக்கிறேன்.

பதில்: உங்கள் ஆறு பக்கக் கடிதத்தில் ஐந்து பக்கம் மேலாளரைப் பற்றியது. மனிதர் மோசமானவர்தான், நம்புகிறேன். ஆனால் கத்தியதற்காக நஷ்டஈடு வாங்கக் கிளம்பினால், கிடைப்பதைவிடச் செலவாவதே அதிகம். பாலியல் தொல்லை என்றால் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அப்படி எதுவும் நீங்கள் எழுதவில்லை. அந்த ஐந்து பக்கத்தை மடித்து வையுங்கள்.

பாண்டைப் பொறுத்தவரை கேள்வி ஒன்றுதான்: உங்களுக்காக நிறுவனம் என்ன செலவு செய்தது? ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 74-இன்படி, எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். 2025 மே மாதம் ஒரு பொதுத்துறை வங்கியின் 2 லட்ச ரூபாய் பாண்டை உச்ச நீதிமன்றம் ஏற்றது உண்மை. அந்த வங்கி விளம்பரம் கொடுத்து, போட்டி வைத்து ஆள் எடுக்கிறது. உங்களுக்குக் கிடைத்ததோ பத்து நாள் காணொளிப் பயிற்சி. ஒன்றரை லட்சம் நிற்காது.

நீங்கள் இணைத்த ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கம், வழக்கு எதுவானாலும் பெங்களூரில்தான் என்கிறது. இத்தகைய ஷரத்து செல்லும் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்காக இல்லாமல், சம்பளப் பாக்கிக்கு மனு கொடுப்பதானால் புதுச்சேரித் தொழிலாளர் துறைக்குப் போங்கள், கடலூரில் வேண்டாம். எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டினால் வேறு அரசு.

இனி, நீங்கள் கடைசி வரியில் போகிற போக்கில் சொன்ன அந்தப் பட்டியல். என்னைக் கவலைப்பட வைத்தது அதுதான். அனுமதியின்றித் தரவை நகலெடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 43-இல் வரும். நேர்மையற்ற நோக்கத்தோடு எடுத்தால் பிரிவு 66, 3 ஆண்டு வரை சிறை. அந்த நோக்கத்தை அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும் என்று வாதாடலாம். ஆனால் அந்த வாதம் விசாரணையில் வரும். முதல் தகவல் அறிக்கை அதற்கு முன்பே வந்துவிடும். இதே தொழிலில் இருந்த ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். அவருக்கும் பாண்டு நோட்டீஸ்தான். பட்டியல் அவரிடம் இருப்பது தெரிந்ததும் நிறுவனம் பாண்டை ஓரம் வைத்துவிட்டு சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுத்தது. அடுத்து சேரவிருந்த நிறுவனம் விவரம் தெரிந்ததும் பின்வாங்கியது. கடைசியில், கட்ட வேண்டியதே இல்லாத பாண்டுத் தொகை முழுவதையும் கட்டித்தான் புகாரிலிருந்து மீண்டார். ஆதாரம் என்று நினைத்து அவர் சேர்த்தது எதிராளிக்கு ஆதாரமாகிவிட்டது.

எனவே அதைத் திறக்காதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள், புதிய வேலையில் அதிலுள்ள ஓர் எண்ணுக்குக்கூட அழைக்காதீர்கள். பயந்துபோய் இன்றே அழித்தும் விடாதீர்கள். நோட்டீஸ் வந்த பிறகு அழித்தால் தடயத்தை அழித்ததாகப் பேச்சு திரும்பும். வழக்கறிஞரிடம் முதலில் இதைச் சொல்லுங்கள், பாண்டைப் பிறகு பேசலாம். சமூக ஊடகக் குழுக்களில் நிறுவனத்தைப் பெயர் சொல்லித் திட்டியிருந்தால் அதையும் மறைக்காதீர்கள். அவதூறுக்குத் தனிப் பிரிவு உண்டு.

என் யோசனை உங்களுக்குப் பிடிக்காது: சமரசம் பேசுங்கள். அவர்கள் பாண்டைக் கைவிட்டு, அசல் சான்றிதழும் பணியிலிருந்து விடுவிக்கும் கடிதமும் தரட்டும். பட்டியல் தொடர்பாகப் புகார் இல்லை என்று எழுதிக் கொடுக்கட்டும். நீங்கள் 24,000 ரூபாயை விட்டுக்கொடுங்கள். பட்டச் சான்றிதழ் அடகுப் பொருள் அல்ல, அதைப் பிடித்து வைக்க அவர்களுக்கு உரிமையில்லை. ஆனால் அந்த உரிமையை நீதிமன்றத்தில் நிலைநாட்டுவதற்குள் இரண்டு வேலைகள் கைநழுவிப் போகும்.

‘பாக்கி எதுவும் இல்லை’ என்ற தாளை நீட்டுவார்கள். அசல் சான்றிதழ் கைக்கு வரும்வரை அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.