பழைய காரும் கூடிய பெட்ரோல் செலவும்

கேள்வி: 15 ஆண்டுகள் ஓடிய என் கார் இப்போது பெட்ரோலை அதிகம் குடிக்கிறது; நேரான சாலையிலும் ஸ்டியரிங்கை ஓயாமல் திருத்த வேண்டியிருக்கிறது. எஞ்சினைப் பிரித்துப் பார்க்க வேண்டுமா?

பதில்: அவசரம் வேண்டாம். இரண்டு குறைகளுக்கும் பொதுவான காரணம் டயர்களில் இருக்கக்கூடும் என்பதால், வண்டி குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தத்தை அளந்து, தயாரிப்பாளர் குறித்துள்ள அளவுக்குச் சரிசெய்த பிறகே மற்றவற்றைத் தொடுங்கள். டயரின் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் வீல் அலைன்மென்ட் (சக்கரங்கள் அமைந்திருக்கும் கோணம்) பிசகியிருக்கலாம். ஆனால் ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கடத்தும் டை ராட் முனையிலோ, சக்கரம் திரும்ப இடம்தரும் பால் ஜாயின்ட் என்ற இணைப்பிலோ ஆட்டம் இருக்கும்போது அலைன்மென்ட் செய்வது, என் கருத்தில், வீண் செலவே. ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரம் மட்டும் மிகச் சூடாக இருந்தால், அங்கே பிரேக் முழுமையாக விடுபடவில்லை என்று சந்தேகிக்கலாம். இவையெல்லாம் சரியாக இருந்தும் செலவு குறையாவிட்டால், திறந்தபடியே சிக்கிக்கொண்டு எஞ்சினைச் சூடேறவிடாமல் கூடுதல் பெட்ரோலை எரிக்கவைக்கும் தெர்மோஸ்டாட்டையும் (எஞ்சின் குளிர்நீரின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு), புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும், மூப்படைந்த ஆக்சிஜன் சென்சாரையும் சோதிக்கச் சொல்லுங்கள்.