பணித்தளத்தில் முதல் வருடம்

அன்புள்ள ஐயா,

என் வயது 24. எங்கள் திருச்சபை என்னை மிஷனரியாக வெளிநாட்டுப் பணித்தளம் ஒன்றுக்கு அனுப்பியிருக்கிறது. வந்து எட்டு மாதம் ஆகிறது. நாட்டின் பெயரைத் தயவுசெய்து வெளியிட வேண்டாம்.

காலையில் மொழி வகுப்பு. பிறகு கடைக்குப் போவது, துணி துவைப்பது, அறையில் உட்கார்ந்து வினைச்சொற்களை மனப்பாடம் செய்வது. இதிலேயே நாள் முடிந்துவிடுகிறது. பல் வலி என்று மருத்துவரிடம் போனேன். எந்தப் பல், எப்போதிலிருந்து வலிக்கிறது என்று சொல்லத் தெரியாமல் வாயைத் திறந்து விரலால் காட்டினேன். வீட்டுக்காரரின் ஏழு வயது மகள் என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்கிறாள், திருத்துகிறாள். எங்கே போனாலும் உள்ளூர் சக ஊழியர் ஒருவர் கூட வர வேண்டியிருக்கிறது. கொடுக்க வந்தவன் எல்லாவற்றுக்கும் கை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். மாதாமாதம் ஜெபக் கடிதம் அனுப்ப வேண்டும், எழுத ஒன்றுமில்லை. “எத்தனை பேர் வந்தார்கள்?” என்றுதான் ஊரிலிருந்து கேட்கிறார்கள். இரவில் வீட்டாரோடும் நண்பர்களோடும் போனில் பேசி முடிக்க இரண்டு மணி ஆகிறது. ஊழியத்துக்கு எனக்கு வந்த அழைப்பு உண்மைதானா என்றே சந்தேகம் வந்துவிட்டது. திரும்பிவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

‘கொடுக்க வந்தவன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வேதனையில் பாதி அந்த நினைப்பிலிருந்தே வருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் கரையிறங்கினார். அவருக்கு 24 வயது நிறைய ஒரு நாள் பாக்கி. கூட வந்த மிஷனரி புளுட்ஷோ. அனுப்பியவர் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக். ஆனால் அங்கே கோட்டையை வைத்திருந்த டேனிஷ் கம்பெனிக்காரர்களுக்கு இவர்கள் வந்ததே பிடிக்கவில்லை. வியாபாரத்துக்கு இடைஞ்சல் என்று நினைத்தார்கள். இவர்கள் இருவருக்கும் ஊர் மக்களின் தமிழும் தெரியாது, துறைமுகத்தில் புழங்கிய போர்த்துகீசியமும் தெரியாது. என்ன செய்தார்கள்? திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரை அமர்த்தி, அவருடைய பள்ளியைத் தாங்கள் குடியிருந்த வீட்டிலேயே நடத்தச் சொன்னார்கள். சீகன்பால்கு சிறுவர்களோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் ‘அ’ எழுதினார்.

இது மிஷனரி கூட்டங்களில் அடிக்கடி சொல்லப்படும் கதை. சொல்லிச் சொல்லி அதிலிருந்த கூச்சம் நமக்கு உறைக்காமல் போய்விட்டது. ஜெர்மனியில் ஹாலே நகரில் இறையியல் படித்தவர், அரசாணையோடு வந்தவர், பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்து எழுத்துப் பிழை விட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளைகளும் சிரித்திருப்பார்கள். உங்கள் வீட்டுக்காரரின் மகள் உங்களை அவமானப்படுத்தவில்லை, எஸ். சம்பளம் வாங்காமல் பாடம் நடத்துகிறாள். வகுப்பில் கிடைக்காத ஒன்று அவளிடம் கிடைக்கும்: பெரியவர்கள் மரியாதைக்காகக் கண்டுகொள்ளாமல் விடும் பிழையை அவள் விடமாட்டாள்.

சீகன்பால்கு தம் அன்றாட அட்டவணையைக் கடிதங்களில் எழுதிவைத்திருக்கிறார். காலையில் எழுந்ததும் முந்தைய நாள் படித்த சொற்களைத் திருப்பிப் பார்ப்பது. பிறகு நண்பகல் வரை சுவடி வாசிப்பு. பக்கத்தில் ஒரு முதிய புலவரும் எழுதுவதற்கு ஓர் ஆளும் இருப்பார்கள், புரியாததை அங்கேயே கேட்டுக்கொள்வார். வெயில் உச்சியில் கொஞ்சம் ஓய்வு. மாலையில் விளக்கொளியில் படித்தால் கண் தாங்காது என்பதால் வேறொருவர் படிக்க இவர் கேட்டுக்கொண்டிருப்பார். அந்த அட்டவணையையும் உங்கள் நாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 1708க்குள் திருக்குறள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைச் சேர்த்து, ஒவ்வொன்றும் எதைப் பற்றியது என்று பட்டியலே எழுதிவிட்டார். அதே ஆண்டு கம்பெனித் தளபதி அவரைக் கோட்டைக்குள் சிறைவைத்தார், நான்கு மாதம். புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது 1715இல்தான்.

ஊரில் இருப்பவர்களுக்கு இந்தப் படிப்பின் அருமை தெரியாமல் போகலாம். அவருக்கும் அதுதான் நடந்தது. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். இதற்காகவா உம்மை அனுப்பினோம் என்கிற தொனியில் பதில் வந்தது, நூல் அச்சேறவில்லை. 1867இல்தான் சென்னையில் வெளிவந்தது. அதனால் ஜெபக் கடிதத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். பல் மருத்துவரிடம் விரலால் காட்டியதை எழுதுங்கள். இந்த மாதம் எந்த வாக்கியத்தைப் பிழையில்லாமல் சொன்னீர்கள் என்று எழுதுங்கள். ஆள் கணக்கு கேட்பவர்களுக்கு “இன்னும் பேசவே கற்கவில்லை, அதற்காக ஜெபியுங்கள்” என்று சொல்வதில் குறைவொன்றும் இல்லை. இல்லாத பலனை இருப்பதுபோல் எழுதிவிட்டால் அடுத்த மாதம் அதைவிடப் பெரிதாக எழுத வேண்டிவரும். அந்தப் பாதையில் மட்டும் கால் வைக்காதீர்கள்.

கடைக்குப் போவதையும் துணி துவைப்பதையும் வீண்பொழுது என்று எழுதியிருக்கிறீர்கள். 1712 முதல் 1714 வரை சீகன்பால்குவும் சக மிஷனரி கிரண்ட்லரும் தமிழர்கள் பலரிடம் கேள்விகள் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்கினார்கள். கிறிஸ்தவ மார்க்கத்தைத் தமிழர்கள் ஏன் மதிப்பதில்லை என்ற கேள்விக்கு வந்த பதில்களைப் பாருங்கள்: மாடு தின்கிறீர்கள், குடிக்கிறீர்கள், வீட்டுக்குள்ளேயே எச்சில் துப்புகிறீர்கள், சுத்தம் இல்லை. போதனையைப் பற்றிப் பேசுமுன் அந்த மக்கள் போதகர்களின் இனத்தாரின் வாழ்க்கையைப் பார்த்துவிட்டிருந்தார்கள். உங்கள் தெருவும் உங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. குப்பையை எந்த நாளில் வெளியே வைக்கிறீர்கள், எந்த நேரத்துக்கு மேல் சத்தம் போடுகிறீர்கள், கடைக்காரரிடம் பணத்தை எப்படிக் கொடுக்கிறீர்கள், எல்லாம் அவர்கள் கண்ணில் படும். அந்த ஊர் முறை என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்பதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இனி அந்த சக ஊழியர். எனக்கு இதைத்தான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

வேதநாயகம் சாமுவேல் அசரியாவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் உருவாக முன்நின்றவர்களில் ஒருவர். பிறகு தாமே தெலுங்கு பேசும் தோர்ணக்கலுக்குப் போய் அந்த மொழியைக் கற்றுப் பணி செய்தார், 1912இல் அங்கேயே பேராயர் ஆனார். 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், பெரும்பாலும் மேற்கத்தியர் நிறைந்த சபையில் அவர் பேசினார். உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். பல ஆண்டு ஒன்றாக வேலை செய்தும் இந்திய ஊழியரைத் தன் வீட்டு மேசைக்கு அழைக்காத மிஷனரிகளை மனதில் வைத்துச் சொன்னது அது. அந்தப் பேச்சு அங்கிருந்த பலருக்குச் சுருக்கென்றது.

உங்களோடு வங்கிக்கும் மருத்துவமனைக்கும் வருகிற மனிதரை நீங்கள் இப்போது மொழிபெயர்ப்பாளராகவும் வழிகாட்டியாகவும் மட்டும்தான் பார்க்கிறீர்களோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. கடிதத்தில் அவரைப் பற்றி ஒரே வரிதான் இருக்கிறது. அவருக்குக் குடும்பம் உண்டா? எந்த வருடம் ஊழியத்துக்கு வந்தார்? உங்களுக்கு முன்னால் வந்து போன மிஷனரிகளைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார்? வேலை எதுவும் இல்லாத ஒரு நாளில் அவரைச் சாப்பிடக் கூப்பிடுங்கள். அவர் கூப்பிட்டால் போங்கள், வைப்பதைச் சாப்பிடுங்கள். அவரிடம் உதவி வாங்குவது கடன் என்ற நினைப்பை விட்டால்தான் அவரிடம் நட்பு வாங்க முடியும்.

இரவு இரண்டு மணியைப் பற்றி. கண்டிப்பாகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வாரத்தில் இரண்டு நாள், அதுவும் பகலில், வீட்டோடு பேசினால் போதும். உடல் அந்த நாட்டில், மனம் ஊரில் என்று இருந்தால் மொழி நுழையவே இடமிருக்காது. மறுநாள் வகுப்பில் தூக்கமும் வரும். போன் பேச்சில் மிச்சமாகும் நேரத்தில் தெருவில் நடந்து வாருங்கள்.

திரும்புவது பற்றிய முடிவை தூக்கம் கெட்ட இந்த நிலையில் எடுக்காதீர்கள். முதலில் உங்களை அனுப்பியவர்களில் உங்களை நன்றாக அறிந்த ஒருவரிடம், ஜெபக் கடிதத்தின் மொழியில் இல்லாமல், எனக்கு எழுதியதுபோல எழுதுங்கள். தூக்கமின்மையும் மனவேதனையும் தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள், அதற்கும் அந்த சக ஊழியரைக் கூப்பிடத் தயங்காதீர்கள். ஒரு வருடம் முடிந்து, ஓரளவு பேச வந்த பிறகும் மனம் ஒட்டவில்லை என்றால் திரும்பலாம். புளுட்ஷோ 1711இல் ஐரோப்பாவுக்குத் திரும்பினார், பிறகு அங்கே ஒரு சபையின் போதகராகப் பணி செய்தார்.