இடம் மாறிய இலக்கங்கள்

ஐயா,
மகள் தரம் 5 படிக்கிறாள். புலமைப்பரிசில் பயிற்சித்தாளில் ஒரு கேள்வி: ஈரிலக்க எண் ஒன்றின் இலக்கங்களைக் கூட்டினால் 9. இலக்கங்களை இடம் மாற்றினால் எண் 27 ஆல் கூடும். அது எந்த எண்? நான் எக்ஸ், வை போட்டு 36 என்று கண்டுபிடித்தேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. எக்ஸ் இல்லாமல் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?
– ஒரு தந்தை, தலவாக்கலை

அன்புள்ள நண்பருக்கு,

விடை சரி. எக்ஸ் இப்போதைக்குச் சும்மா இருக்கட்டும். இரண்டு தீப்பெட்டி எடுங்கள். பத்துப் பத்துக் குச்சியாக நூலால் கட்டுங்கள். 36 என்றால் 3 கட்டு, 6 தனிக்குச்சி. இடம் மாற்றினால் 3 கட்டும் 3 தனிக்குச்சியாகிவிடும். கட்டுக்கு 9 குச்சி போச்சு. 6 தனிக்குச்சியும் 6 கட்டாகிவிடும். ஒவ்வொன்றுக்கும் 9 வரவு. ஆறு ஒன்பது வரவு, மூன்று ஒன்பது செலவு, மிச்சம் மூன்று ஒன்பது. அதுதான் 27. ஆக, இலக்கங்களுக்கு இடையே வித்தியாசம் 3. கூட்டினால் 9, கழித்தால் 3 வருவது 6உம் 3உம். மாற்றியபின் எண் கூட வேண்டும், அதனால் சின்னது முன்னால்.

இந்த ஒன்பதோடு எங்கள் வீட்டுக்கு ஒரு பழைய வழக்கு உண்டு. அம்மாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காலையில் 7 கிலோ, பகலில் 8, அந்திக்கு 6 என்று, பறித்த தேயிலைக் கொழுந்து நிறுத்ததை மனதிலேயே வைத்திருப்பார். அந்த 21, தோட்டத்துக் கணக்கில் 12 என்று விழுந்திருந்தது. அப்போது 18 கிலோ எடுத்தால்தான் முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம். அவருக்கு அரைப்பேர் போட்டார்கள். "ஒம்பது கிலோ எங்க போச்சுங்க ஐயா?" என்று கேட்டதற்கு, ஈரத்துக்குக் கழித்தது என்று பதில். ஈரத்துக்குக் கழிப்பது வழக்கம்தான். அதற்காக 21இல் 9 கிலோவா தண்ணீர்?

கணக்கெழுதுகிறவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். இரண்டு கணக்கு ஒட்டாமல், வித்தியாசம் 9 ஆல் மீதியின்றி வகுபட்டால், எங்காவது இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று முதலில் தேடுவார்கள். வேறு பிழையாகவும் இருக்கலாம், ஆனால் தேட ஓர் இடம் கிடைக்கிறது. அன்றைக்கு எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், அது யாருக்கும் தெரியாது.

அப்புறம், எண்களை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். முப்பத்தாறு, அறுபத்துமூன்று: எத்தனை கட்டு என்பது சொல்லிலேயே இருக்கிறது. தொண்ணூறு மட்டும் குழப்படிக்காரன், பத்தை விட்டுவிட்டு நூறின் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பான்.

மகளுக்குப் பிடித்துவிட்டால் அடுத்து இதைக் கொடுங்கள். மூவிலக்க எண், நடு இலக்கம் அசையவில்லை, முதலும் கடைசியும் மட்டும் இடம் மாறின. இப்போது 9க்குப் பதில் எந்த எண்ணின் மடங்கு வரும்? இதைக் குச்சி கட்டிக் காட்ட வேண்டாம், தீப்பெட்டி கட்டுப்படியாகாது.