ஏசியில் எது ஒன்றரை டன்? – இந்த வாரக் கேள்விகள்

ஒன்றரை டன் ஏசி வாங்கினோம். மாட்ட வந்தவர் இரண்டு பெட்டியையும் ஒரே ஆளாகத் தூக்கிவிட்டார். அப்புறம் எதுதான் ஒன்றரை டன்? (மதுரை வாசகர்)

பனிக்கட்டி. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. குளிர்சாதன எந்திரங்கள் வருவதற்கு முன் குளிர்ச்சி என்றால் ஐஸ்தான், அதனால் எந்திரம் வந்தபோது "இது எத்தனை டன் ஐஸுக்குச் சமம்?" என்று கேட்டார்கள், அந்தக் கணக்கு அப்படியே ஒட்டிக்கொண்டது. ஒரு அமெரிக்க டன், அதாவது சுமார் 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுத்துக்கொள்ளுமோ, அதே வேகத்தில் அறையின் வெப்பத்தை வெளியேற்றினால் அது ஒரு டன் ஏசி. கிலோவாட்டில் சொன்னால் ஏறக்குறைய 3.5.

சென்னைக்காரர்களுக்கு இந்த ஐஸ் கணக்கு அந்நியம் இல்லை. மெரினா எதிரில் இன்று விவேகானந்தர் இல்லம் என்று நிற்கிற கட்டடம் 1842-இல் ஐஸ் கிடங்காகக் கட்டப்பட்டது. பாஸ்டனைச் சேர்ந்த டியூடர் என்ற வியாபாரி அங்கே ஏரிகளில் உறைந்த பனியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, மாதக்கணக்கில் கப்பலில் கொண்டுவந்து இங்கே விற்றார். வழியில் உருகியது போக மிச்சம் இருந்ததிலும் லாபம் பார்த்தார் என்பதுதான் ஆச்சரியம்.

இன்னொன்று. ஒன்றரை டன் ஏசி ஐந்து கிலோவாட்டுக்கு மேல் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது, ஆனால் மின்சாரம் இழுப்பது முழு வேகத்தில் ஓடும்போது சுமார் ஒன்றரை கிலோவாட்தான். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஏசி குளிரை உண்டாக்குவதில்லை, உள்ளே இருக்கிற வெப்பத்தை வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது, அந்தச் சுமைகூலிக்கு மட்டும்தான் மின்சாரம்.

பக்கத்து வீட்டுக்காரர் 490 யூனிட், நாங்கள் 510. இருபது யூனிட்டுக்கு கரண்ட் பில்லில் இவ்வளவு வித்தியாசமா? மீட்டர் கோளாறா? (தாம்பரம்)

மீட்டரைத் திட்டாதீர்கள். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்தில் 500 யூனிட் என்பது ஒரு வேலி மாதிரி. அதற்குள் இருந்தால் முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100 மலிவு விலையில், அப்புறம் படிப்படியாக ஏறும். 500-ஐத் தாண்டினால் முதல் 100 இலவசம் அப்படியே இருக்கும், ஆனால் 101 முதல் 200 வரையான அந்த மலிவு விலை மறைந்துபோய், 201-க்கு மேல் என்ன விலையோ அதையே 101-இலிருந்து போடுவார்கள். அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆக 501-ஆவது யூனிட் ஒன்றுக்கு மட்டும் நீங்கள் கொடுத்த விலை 200 ரூபாய்க்கு மேல்! போன கோடையில் ஊரிலிருந்து விருந்தாளிகள் வந்தபோது என் வீட்டில் 506. அந்த ஆறு யூனிட்டை நான் இன்னும் மறக்கவில்லை.

செய்ய வேண்டியது இதுதான்: கணக்கெடுத்து ஐம்பது நாள் ஆனதும் ஒருமுறை மீட்டரைப் போய்ப் பாருங்கள். 420-ஐத் தாண்டியிருந்தால் கடைசிப் பத்து நாளுக்கு ஏசியை 26-இல் வைத்து ஃபேனைப் போடுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்கிற கணக்கு. 18-இல் வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்று பலர் நம்புகிறார்கள். 24-க்கு வந்துசேர ஆகிற நேரம் கிட்டத்தட்ட அதேதான், பிறகும் நிற்காமல் ஓடும், அவ்வளவுதான்.

டீக்கடையில் பன்னிரண்டு ரூபாயை ஸ்கேன் செய்து கொடுக்கிறேன். எனக்கும் கட்டணம் இல்லை, கடைக்காரருக்கும் இல்லை என்கிறார்கள். யார்தான் செலவு செய்கிறார்கள்? (கோவை)

நல்ல சந்தேகம். நீங்கள் ஸ்கேன் செய்வது யுபிஐ. 2016-இல் வந்த அதை நடத்துவது என்பிசிஐ என்கிற தேசியப் பணப்பட்டுவாடா கழகம். கார்டு தேய்த்தால் கடைக்காரரிடம் வங்கி ஒரு சிறு பங்கைப் பிடித்துக்கொள்ளும் அல்லவா, அந்த மாதிரிக் கட்டணத்தை வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் போகும் யுபிஐ-க்கு 2020 ஜனவரி முதல் அரசு பூஜ்யமாக்கிவிட்டது. ஆனால் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் சர்வர், பாதுகாப்பு, புகார் கவனிக்க ஆள் என்று செலவு இருக்கத்தான் செய்கிறது. அதில் ஒரு பகுதியை அரசு ஊக்கத்தொகையாகக் கொடுக்கிறது, அதாவது நம் வரிப்பணம். மீதியை வங்கிகள் தாங்குகின்றன, நோட்டுக் கட்டுகளை எண்ணிச் சுமக்கிற வேலை குறைவதால் அவர்களுக்கும் கொஞ்சம் மிச்சம்.

செயலி நடத்துகிறவர்களுக்கு? "பன்னிரண்டு ரூபாய் பெறப்பட்டது" என்று கத்துகிறதே ஒரு பெட்டி, அதற்குப் பல கடைக்காரர்கள் மாத வாடகை கட்டுகிறார்கள். அதோடு கடன், காப்பீடு, ரீசார்ஜ் எல்லாம் விற்கிறார்கள். உங்கள் டீ அவர்களுக்கு வாசல் மட்டும்தான், வியாபாரம் உள்ளே.

ஃபாஸ்டிங் சர்க்கரை 108. மூன்று மாதச் சராசரி மட்டும் 7.2 என்கிறது. எதை நம்புவது? (தஞ்சாவூர்)

பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பிருந்து இனிப்பை நிறுத்தினீர்களா? நிறையப் பேர் செய்வார்கள், பரீட்சைக்கு முதல் நாள் படிப்பது போல. ஃபாஸ்டிங் அன்றைய காலை நிலவரத்தைத்தான் காட்டும். மூன்று மாதச் சராசரி, அதாவது ஹெச்பிஏ1சி, வேறு. சிவப்பணு சுமார் 120 நாள் வாழும், அதில் உள்ள ஹீமோகுளோபினில் சர்க்கரை ஒட்டிக்கொண்டே வரும், எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று அளப்பதுதான் அது. சாப்பிட்ட பிறகு ஏறுகிற சர்க்கரையும் அதில் வந்துவிடும். 6.5-ஐத் தொட்டால் நீரிழிவு வரம்பு.

ஆனால் அந்த எண்ணும் வேதவாக்கு இல்லை. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் கூடுதலாகக் காட்டலாம், சிவப்பணு சீக்கிரம் அழிகிற நோய்களில் குறைத்துக் காட்டலாம். அதனால் ஹீமோகுளோபின் அளவையும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த சர்க்கரையையும் சேர்த்து மருத்துவரிடம் காட்டுங்கள். பத்திரிகையில் பதில் எழுதுகிற என்னிடம் மருந்து கேட்காதீர்கள்.

மக்கள் மருந்தகத்தில் சர்க்கரை மாத்திரை இவ்வளவு மலிவாக இருக்கிறதே, வேலை செய்யுமா? (அதே ஊர், வேறு வாசகர்)

அட்டையைத் திருப்பி மருந்தின் பெயரைப் படியுங்கள். மக்கள் மருந்தக மாத்திரை, பிராண்டு மாத்திரை இரண்டிலும் மெட்ஃபார்மின் 500 என்றால் இரண்டும் ஒரே மருந்து. அதற்குக் காப்புரிமை எல்லாம் எப்போதோ முடிந்துபோனது, யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம். பிராண்டுக்கு நீங்கள் கூடுதலாகக் கொடுக்கிற காசில் பெரும்பங்கு விளம்பரத்துக்கும் பிரதிநிதிகளின் அலைச்சலுக்கும் கடைக்காரர் லாபத்துக்கும் போகிறது. 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகங்களிலும் இதே வகை கிடைக்கும். ஒரே எச்சரிக்கை: தைராய்டு, வலிப்பு, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் வார்ஃபரின் போன்றவற்றில் அளவு இம்மி பிசகினாலும் வித்தியாசம் தெரியும், அவற்றை மருத்துவரைக் கேட்காமல் மாற்ற வேண்டாம்.

இரவு முழுக்க ஃபோனை சார்ஜில் போடலாமா? (பெயர் போட வேண்டாம் என்ற கல்லூரி மாணவி)

போடலாம். நிறைந்ததும் ஃபோனே நிறுத்திக்கொள்ளும். லித்தியம் பேட்டரிக்கு எதிரி சூடு, அதனால் தலையணைக்கு அடியில் மட்டும் வேண்டாம். செட்டிங்ஸில் 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருந்தால் அதைப் போட்டுவிட்டுத் தூங்குங்கள்.