யாழ்ப்பாணத்தில் பழைய வீடு வாங்கி நானே திருத்தி விற்க, கொன்ராக்டர் லைசென்ஸ் வேணுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். புளோரிடாவில் இருக்கும் மச்சான் பழைய வீடுகளை வாங்கித் திருத்தி விற்கிறார். லைசென்ஸ் இல்லாமல் அங்கே ஒரு வேலையும் தொடக்கூடாது என்று சொல்கிறார். நீங்கள் இங்கே மேசனோடு கூட நின்று அதையே செய்யப் பார்க்கிறீர்கள். உங்களுக்கும் லைசென்ஸ் வேண்டுமா, வேறு என்ன அனுமதிகள் எடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

லைசென்ஸ் வேண்டாம். உங்கள் பெயரில் உறுதி (காணிப் பத்திரம்) இருக்கிற வீட்டை நீங்களே நின்று திருத்துவதற்கு இலங்கையில் ஒப்பந்தகாரர் பதிவு கேட்க மாட்டார்கள். அதை வைத்து ஒரு பேப்பரும் தேவையில்லை என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் ஊரில் அப்படி நினைத்தவர்களின் வீடுகள்தான் விற்க முடியாமல் கிடக்கின்றன.

மச்சான் சொல்வது அவருடைய ஊருக்குச் சரி. புளோரிடாச் சட்டத்தில் வீட்டுக்காரர் தானே வேலை செய்ய ஒரு விலக்கு இருக்கிறது, ஆனால் அது தான் குடியிருக்கப் போகிற வீட்டுக்கு. வேலை முடிந்து ஒரு வருடத்துக்குள் விற்றாலோ வாடகைக்கு விட்டாலோ, விற்கவே கட்டினார் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். முதலீட்டுக்காக வாங்குபவருக்கு அந்த விலக்கு உதவாது. இங்கே மேசன் யார், அவருக்கு உதவியாள் யார் என்று உள்ளூராட்சி மன்றம் கேட்பதில்லை. கட்டடத்துக்கு அனுமதி இருக்கிறதா என்றுதான் கேட்கும்.

ஒப்பந்தகாரர் பதிவு என்று ஒன்று இங்கேயும் உண்டு. 2014 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபை, எல்லோரும் சீடா என்று சொல்வது, ஒப்பந்தகாரர்களைத் தரம் பிரித்துப் பதிகிறது. அது மற்றவர்களின் வேலையை ஒப்பந்தமாக எடுப்பவர்களுக்கானது. உங்கள் வீட்டைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு அக்கா "எங்கட வீட்டையும் இப்பிடிச் செய்து தாங்கோ தம்பி" என்று கேட்டு, நீங்களும் தொகை பேசி ஒப்புக்கொண்டால், அங்கிருந்து நீங்கள் வீட்டுக்காரர் இல்லை, ஒப்பந்தகாரர். அதற்கு முன் சீடாவில் விசாரியுங்கள்.

இனி அனுமதி. முதலில் காணி எந்தச் சபைக்குள் வருகிறது என்று பாருங்கள். ஊர்ப் பெயரை நம்ப வேண்டாம். நல்லூர்க் கோயிலடி யாழ்ப்பாண மாநகர சபைக்குள் வரும். பல்கலைக்கழகம் இருக்கும் திருநெல்வேலிப் பக்கம் நல்லூர் பிரதேச சபை. வடமராட்சிக்குப் போனால் பருத்தித்துறைக்கும் வல்வெட்டித்துறைக்கும் தனித்தனி நகர சபைகள், சுற்றுக் கிராமங்களுக்குப் பிரதேச சபைகள். ஆதன வரி கட்டிய பற்றுச்சீட்டில் எந்தச் சபையின் பெயர் இருக்கிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும். விற்பவரிடம் அந்தச் சீட்டே இல்லையென்றால், வாங்குமுன் யோசிக்க உங்களுக்கு அது ஒரு காரணம்.

எந்த வேலைக்கு அனுமதி வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதில்தான் ஆட்கள் தடுமாறுகிறார்கள். பெயின்ற் அடிக்கலாம், உடைந்த ஓடு மாற்றலாம், நிலத்துக்கு ரைல்ஸ் போடலாம், கறையான் தின்ற கதவைக் கழற்றிப் புதிதாகப் பூட்டலாம். இவற்றுக்கு யாரும் வரமாட்டார்கள். 1915 ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் நூறு வருடம் தாண்டியும் நடைமுறையில் இருக்கிறது. அதில் "மாற்றம்" என்று எண்ணப்படும் வேலைகளின் பட்டியலை வாசித்தால், பழைய வீடு வாங்கித் திருத்துபவர் ஆசைப்படும் வேலைகள் அத்தனையும் அதற்குள் வரும். புதிதாகக் கூரை போடுவது, வெளிச்சுவர் எழுப்புவது, உள்ளே சுவர் கட்டி அறை பிரிப்பது, வீட்டோடு ஓர் அறை சேர்ப்பது, இரண்டு சுவர்களுக்கு நடுவில் இருக்கும் வெளியைக் கூரை போட்டு மூடுவது, சாமான் போட்டிருந்த கொட்டிலை ஆட்கள் இருக்கிற இடமாக மாற்றுவது, ஒரு குடும்பத்துக்குக் கட்டிய வீட்டை இரண்டு குடும்பத்துக்குப் பிரிப்பது. திருநெல்வேலியில் மாணவர்களுக்கு வாடகைக்கு விட வீட்டைத் துண்டு துண்டாக்குகிறார்களே, அது இந்தப் பட்டியலில்தான் வருகிறது. நாற்சார் வீட்டின் முற்றத்தைத் தகரம் போட்டு மூடுவதும் அப்படித்தான். (அதைச் சட்டத்துக்காக இல்லாவிட்டாலும் செய்யாதீர்கள். வீட்டின் காற்றும் வெளிச்சமும் அந்த முற்றத்தால்தான் வருகின்றன.)

இதற்கு மேல் நகர அபிவிருத்தி அதிகாரசபையின் 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அபிவிருத்திப் பகுதியாகப் பிரகடனம் செய்யப்பட்ட இடங்களில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் எந்த அபிவிருத்தி வேலையும் செய்யக்கூடாது. 2021 இல் புதிய திட்டமிடல், அபிவிருத்தி ஒழுங்குவிதிகள் வந்துவிட்டன. 1986 இன் விதிகளை மனப்பாடமாக வைத்திருக்கும் படவரைஞர்கள் இன்னும் இருக்கிறார்கள். உங்களுக்குப் படம் கீறுபவர் எதைப் பார்த்துக் கீறுகிறார் என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். ஒழுங்கையின் அகலத்தை வைத்து எத்தனை மாடி எடுக்கலாம், பின்னுக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் வருகிறது. எங்கள் ஒழுங்கைகள் பல மாட்டு வண்டிக் காலத்து அகலம். மேல் மாடி எடுத்து நல்ல விலைக்கு விற்கலாம் என்று கணக்குப் போட்டு வாங்குபவர் முதலில் அளவு நாடாவோடு ஒழுங்கையில் நிற்க வேண்டும்.

விண்ணப்பத்தோடு உறுதிப் பிரதி, நில அளவை வரைபடம், தகுதியுள்ளவர் ஒப்பமிட்ட கட்டட வரைபடம், ஆதன வரிச் சீட்டு என்பவற்றைக் கொடுப்பீர்கள். சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்ப்பார், பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) பார்ப்பார், பிறகு திட்டமிடல் குழுவுக்குப் போகும். மாதக் கணக்கில் இழுபட்டதும் உண்டு, கெதியாகக் கிடைத்ததும் உண்டு. முழுமையாகக் கொடுத்த கோப்பு வேகமாக நகரும், அவ்வளவுதான் நான் பார்த்தது. காணி பிரிபடாத பங்காக இருந்தால் மற்றப் பங்காளிகளின் சம்மதம் இல்லாமல் இந்த வேலைக்குள் இறங்கவே வேண்டாம். வரைபடத்துக்கு அனுமதி கிடைத்தது உங்கள் உறுதியில் இருக்கும் ஓட்டையை அடைக்காது.

சில இடங்களில் சபையோடு முடியாது. குருநகர், பாசையூர், பருத்தித்துறைக் கரை போன்ற இடங்களில் கடலிலிருந்து 300 மீற்றருக்குள் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களமும் வரும். கோட்டை, மந்திரிமனை, சங்கிலியன் தோப்பு மாதிரிச் சின்னங்களுக்குக் கிட்டவென்றால் தொல்பொருள் திணைக்களம். கண்டி வீதி மாதிரிப் பெரிய றோட்டோரம் என்றால் வீதி அபிவிருத்தி அதிகாரசபை. வயற்காணியை நிரப்பிக் கட்டுவதென்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களம். அந்தக் கடைசி வேலைக்கு நான் போகமாட்டேன்.

பலர் அனுமதியை எடுத்துவிட்டு அடுத்ததை மறந்துவிடுகிறார்கள். வேலை முடிந்ததும் அமைவுச் சான்றிதழ் எடுக்க வேண்டும். அங்கீகரித்த வரைபடத்தின்படிதான் கட்டியிருக்கிறீர்கள் என்று சபை தரும் கடிதம் அது. அது கிடைக்கும்வரை காவலுக்கு இருப்பவரைத் தவிர வேறு யாரும் புதுக் கட்டடத்தில் குடியிருக்கக்கூடாது என்று அதே 1915 சட்டம் சொல்கிறது. சொந்தமாக இருப்பவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை, அவர்களுக்கு ஒன்றும் நடப்பதும் இல்லை. நீங்கள் விற்கப் போகிறவர். வாங்க வருபவர் வங்கிக் கடனோடு வருவார். வங்கியின் சட்டத்தரணி வரைபடத்தையும் அமைவுச் சான்றிதழையும் கேட்பார். இல்லையென்றால் காசை ரொக்கமாக வைத்திருப்பவர் மட்டும்தான் உங்களிடம் வருவார், அவர் விலையையும் தானே சொல்வார். அனுமதியில்லாமல் கட்டியதற்குப் பிறகு அனுமதி எடுக்க வழி உண்டுதான், மேலதிகக் கட்டணத்தோடு. கட்டியது விதிகளுக்குள் பொருந்தினால்தான் அதுவும். மதிலோரத்தில் ஒட்டிக் கட்டிய அறையைக் கட்டணம் கட்டி நகர்த்த முடியாது. அடம்பிடித்தால் நீதவான் நீதிமன்றத்தில் இடிக்கும் கட்டளை வரைக்கும் போகலாம்.

நீங்களே செய்யக்கூடாத வேலைகளும் இருக்கின்றன. எங்கள் குடாநாட்டில் முதலாவது மலக்குழி. அடியில் இருப்பது வெடிப்பும் பொந்தும் உள்ள சுண்ணாம்புக்கல். குழியில் விடுவது கிணற்றுக்குப் போக அதிக நாள் எடுக்காது. குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடி என்ற கணக்கைப் பி.எச்.ஐ. பார்ப்பார். உங்கள் கிணற்றை மட்டும் அளந்தால் போதாது, வேலிக்கு அப்பால் இருக்கும் கிணற்றையும் அளக்க வேண்டும். இரண்டு பரப்புக் காணியில் நாலு பக்கமும் கிணறு இருந்தால் குழிக்கு இடமே இல்லாமல் போகும். அறைக்கு ஒரு குளியலறை என்று திட்டம் போடுவதற்கு முன் இதைப் பாருங்கள். நான் வீடு பார்க்கப் போனால் முதலில் கூரையைப் பார்ப்பதில்லை, பக்கத்து வளவுக் கிணறு எங்கே என்றுதான் எட்டிப் பார்ப்பேன்.

இரண்டாவது வயரிங். தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாமல் கிடந்த வீடுகளுக்குப் பிறகு அவசரத்தில் இழுத்த வயர்கள் இன்னும் இருக்கின்றன. சில வீடுகளில் ஏர்த் கம்பியே கிடையாது. உருண்டைக் கால் பிளக்குகளை விட்டுவிட்டு, இப்போது தேசிய நியமமாக இருக்கும் 13 அம்பியர் சதுரக்கால் பிளக்குக்கு முழுவதுமாக மாறுங்கள். தொழில் தகைமைச் சான்றிதழ் உள்ள மின்னியலாளரைப் பிடித்து, ட்ரிப் சுவிட்ச் போட்டு, சோதனை அறிக்கையும் எழுதி வாங்குங்கள். புது இணைப்புக்கு மின்சாரம் தருகிற நிறுவனம் அதைக் கேட்கும். மூன்றாவது பிளேட், அதாவது கொங்கிறீற் தளம். பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவரில் கொங்கிறீற் பிளேட்டை ஏற்றலாமா என்று மேசனிடம் கேட்காதீர்கள், பொறியியலாளரிடம் கேளுங்கள். மேசன் "தாங்கும் அண்ணை" என்றுதான் சொல்வார்.

வளவைத் துப்புரவாக்கும்போது ஒரு விசயம். பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகிய மூன்றையும் அனுமதியில்லாமல் தறிக்கக்கூடாது. 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம். கிராம சேவையாளரிடம் தொடங்கிப் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். சொந்தக் காணியில் நிற்கும் மரம் என்பது பதில் ஆகாது.

ஆட்களை நாட்கூலிக்கு நீங்களே பிடித்தால் நீங்கள்தான் முதலாளி. சாரத்திலிருந்து ஒருவர் விழுந்தால், 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் உங்களைத்தான் தேடி வரும். தன் வீட்டைத் தான் திருத்துகிறேன் என்ற கதை, விற்கவே வாங்கித் திருத்துகிறவருக்கு நிற்பது கடினம். கட்டட வேலைக்கான காப்புறுதியை வேலை தொடங்குமுன் விசாரியுங்கள். சீமெந்துக்குச் செலவழிப்பதோடு பார்த்தால் அது பெரிய தொகை இல்லை.

மணலுக்கும் ஒரு சொல். ரிப்பர் லொறியில் இரவில் மலிவாக வந்து இறங்கும் மணலை வாங்க வேண்டாம். புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் கொண்டுசெல்லும் அனுமதிப்பத்திரத்தை ரிப்பர்காரரிடம் கேளுங்கள், கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். காட்ட மறுத்தால் திருப்பி அனுப்பிவிட்டு அடுத்தவருக்கு அழையுங்கள்.